கரப்பான் காய்ந்த மார்கழி

பிள்ளைக்கு நோய் வந்தால் பயப்படுவது உலக வழக்கம். எங்கள் வீட்டில் நோய் போய்விடுமோ என்று பயந்தோம். கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருவதில்லை.

உலகச் சண்டைக் காலம் அது. துணிக்கும் மண்ணெண்ணெய்க்கும் கன்ட்ரோல். சின்னமனூரில் வாய்க்கால் ஓரமாக என் வீட்டுக்காரருக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. எனக்கு அது முதல் பிள்ளை, ஆண். தவழ ஆரம்பித்திருந்தான். முதலில் கன்னத்தில் சொரசொரவென்று ஒரு சிவப்பு வந்தது. பிறகு காதுக்குப் பின்னால் வெடித்தது. முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு, கழுத்து என்று இடம் பார்த்துக் குடியேறியது. பிள்ளைகளுக்கு வரும் கரப்பான் புண்தான், பல் முளைத்தால் போய்விடும் என்றார்கள். பல் முளைத்தது. நடந்தால் போய்விடும் என்றார்கள். வாய்தா வாங்குவதில் நம் ஜனங்களை மிஞ்சிய வக்கீல் கிடையாது.

வீட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர என் வீட்டுக்காரருடைய அக்கா இருந்தார். நான் மதினி என்று கூப்பிடுவேன். கூடலூரில் வாழ்க்கைப்பட்டவர். அவருக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்து, அதற்கும் இதே கரப்பான் வந்திருக்கிறது. ஒருநாள் அது திடீரென்று காய்ந்தது. காய்ந்த கையோடு குழந்தை இழுப்பு வந்து செத்துப்போயிற்று. கரப்பான் உள்ளே போய்விட்டது, பெற்றவள்தான் உள்ளே விட்டுவிட்டாள் என்று மாமியார் வீட்டில் பேசினார்கள். பிள்ளையைத் தின்றவள் என்று பெயர் வைத்தார்கள். புருஷன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். மதினி ஒரு தகரப் பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். என் கல்யாணத்துக்கு முன்னால் நடந்தது இதெல்லாம்.

என் மகனை என்னைவிட அதிகம் தூக்கி வைத்திருந்தது அவர்தான். அதனால்தான் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குள் போய் உட்கார்ந்தது.

"நீரு ஓடணும்த்தா. விச நீரு. அது ஓடுற வரைக்கும் புள்ள பொழைச்சுக்கிரும். நின்னுச்சு, உள்ள போயிரும். போச்சுன்னா யாராலயும் வெளிய இழுக்க முடியாது."

ஆகவே நீர் நிற்காமல் பார்த்துக்கொண்டோம். பிள்ளை உடம்பில் தண்ணீர் காட்டவில்லை. புண்ணைச் சுற்றிய பழைய வேட்டித் துணியை வெந்நீரில் போடவில்லை. துணி கொதித்தால் பிள்ளை உடம்பும் கொதிக்கும் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதே துணியைப் பிரித்து, வெயிலில் ஆற்றி, அதையே மறுபடி சுற்றுவோம். ஒரு கொட்டாங்கச்சியில் கரப்பான் எண்ணெய் இருக்கும். புண்ணைத் தொட்ட விரல் எண்ணெயைத் தொடும், எண்ணெயைத் தொட்ட விரல் மறுபடி புண்ணைத் தொடும். என் விரல், மதினி விரல், எட்டிப் பார்க்க வரும் பெண்டுகளின் விரல். ஆளாளுக்கு நல்ல மனசு, அதில் ஒன்றும் குறையில்லை.

எனக்குப் பத்தியம். கத்தரிக்காய், கருவாடு, சோளம் இதெல்லாம் கரப்பான் பண்டம். நான் தின்றால் பால் வழியாகப் போய்ப் பிள்ளைக்குப் பொங்கும் என்பார்கள். மிளகு ரசமும் சோறுமாகத் தின்று என் கன்னம் ஒட்டிப்போயிற்று. பிள்ளைக்கு என்னவோ குறையவே இல்லை. கன்னத்தில் தேன் காய்ந்த மாதிரி மஞ்சள் மஞ்சளாகப் பொருக்கு. அதன் அடியில் ஈரம். சொறியாமல் இருக்கக் கை இரண்டையும் துணிப் பையில் கட்டினோம். அவன் கன்னத்தை என் தோளிலும் தரையிலும் தேய்த்தான். மனிதப் பிள்ளை அப்படித் தேய்ப்பதைப் பார்க்க முடியாது. ஒருநாள் மத்தியானம் தொட்டில் கயிற்றில் எறும்பு வரிசையாக இறங்குவதைப் பார்த்தேன். எங்கே போகிறது என்று பார்க்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையை உருவி எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

அப்புறம் காய்ச்சல் வந்தது. கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியது. பால் குடிக்க வாயைத் திறப்பான், குடிக்காமல் அழுவான். அவனிடமிருந்து ஒரு வாடை வந்தது. பெற்றவள் சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: குமட்டும். அந்த வாடையை மோந்துகொண்டே அவனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, இவன் தங்கமாட்டான் என்று எனக்குத் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பலித்துவிடும் என்று பயம்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனிதர். அன்றைக்குக் கொடிக்காலிலிருந்து வந்து, தொட்டிலைப் பார்த்துவிட்டு, "கெளம்பு" என்றார். அவ்வளவுதான். மதினி குறுக்கே வந்து நின்றார். என் வீட்டுக்காரர் அக்கா முகத்தைப் பார்க்காமலே பிள்ளையை வாங்கிக்கொண்டு நடந்தார்.

உத்தமபாளையத்தில் ஒரு டாக்டர் இருந்தார். மலை மேலே ஏலத்தோட்டங்களில் வைத்தியம் பார்த்துவிட்டு வயதான பிறகு கீழே இறங்கி, வீட்டு முன்னறையிலேயே நோயாளிகளைப் பார்த்தார். கரி வண்டியில் போனோம். பெட்ரோல் கிடைக்காத காலத்தில் பஸ்ஸின் முதுகில் ஒரு கரி அடுப்பைக் கட்டியிருப்பார்கள். வழி நெடுக நின்று நின்று கிளறிவிட்டுத்தான் போகும். வண்டி நின்ற ஒவ்வொரு தடவையும் நான் பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தேன்.

டாக்டர் பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் மோந்து பார்த்தார். முகம் கடுத்தது.

"எத்தனை நாளாம்மா குளிப்பாட்டல?"

நான் பிள்ளையின் துணியை இழுத்து மூடினேன்.

"இங்க பாருங்க. கரப்பான் உங்க பிள்ளையோட தோல்வாகு. அது வரும், போகும். அத நான் வேரோட பிடுங்குறேன்னு சொல்லமாட்டேன். ஆனா அது மேல இன்னொரு கூட்டம் ஏறி உக்காந்திருக்கு. கண்ணுக்குத் தெரியாத கிருமி. சொறிஞ்ச நகத்துல இருக்கு, அழுக்குத் துணியில இருக்கு, நீங்க தடவுற எண்ணெயில இருக்கு. இந்தக் காய்ச்சல், இந்த நாத்தம் எல்லாம் அந்தக் கூட்டத்தோட வேலை. அத முழுக்க ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டாம். கொறைச்சா போதும். கொறைஞ்சா அரிப்பு கொறையும், பிள்ளை தூங்கும்."

காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தார். பிறகு ஒரு சின்னக் குப்பியில் கறுப்பாகப் பளபளக்கும் கல் கொஞ்சம் கொடுத்தார். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு அதில் ஒரு துணுக்குப் போடவேண்டும். "அரளிப் பூ நிறம் வரணும். கத்தரிப் பூ நிறம் வந்துச்சுன்னா கீழ கொட்டிருங்க, தோலு வெந்துபோகும்." அந்தத் தண்ணீரில் புண்ணை ஊறவைத்து, பொருக்கைப் பிய்க்காமல், ஒற்றி எடுக்கவேண்டும். துணியைக் கொதிக்கவைத்து வெயிலில் காயப்போடவேண்டும். நகத்தை ஒட்ட வெட்டவேண்டும். கொட்டாங்கச்சி எண்ணெயைக் கொட்டிவிட்டு, புது எண்ணெயைக் கரண்டியால் எடுத்துத் தடவவேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஆட்டிய தலைக்குள் மதினியின் குரல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் கல்லைப் பார்த்ததும் மதினிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "இது கெணத்து மருந்துல்ல! வாந்திபேதி வந்தப்ப கெணத்துல கொட்டுனாகளே, ஊரே அந்தத் தண்ணிய வாயில வைக்கல. அதையா பச்சப்புள்ள மேல ஊத்தப்போற?" அப்புறம் குரல் இறங்கிற்று. "ஏத்தா, ஒனக்குச் சொன்னாப் புரியாது. நான் பாத்தவ. காஞ்சிரும். பளபளன்னு ஆயிரும். தோலப் பாத்துச் சந்தோசப்படுவ. அப்பறம் உள்ளுக்குள்ள போயி நெஞ்ச அடைக்கும். எந்தம்பி புள்ளைக்கு அது வேணாம்த்தா."

என் வீட்டுக்காரருக்கு மத்தளத்தின் பாடு. இரண்டு பக்கமும் இடி. கொடிக்காலுக்குப் போய்விட்டார். ஆண்களுக்குப் போக இடம் இருக்கிறது.

நான் துணியை அடுப்பில் வைத்தேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த நேரம் பார்த்து, உள்ளே பிள்ளை வீறிட்டான். துணி கொதிக்கப் பிள்ளை கொதிக்கிறான் என்றே நினைத்தேன். விறகை இழுத்து அணைக்கக் கையை நீட்டியும்விட்டேன். ஓடிப்போய்ப் பார்த்தால் பசி. அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு ஒழுங்காகப் பால் குடித்தான், மாத்திரை வேலை செய்திருக்கும். அவன் குடிக்கக் குடிக்கத் துணி கொதித்தது.

அரளிப் பூ நிறத் தண்ணீரில் அவனை உட்காரவைத்தபோது அழுவான் என்று நினைத்தேன். திகைத்துப்போய்த் தண்ணீரைப் பார்த்தான். கையால் ஒரு தட்டுத் தட்டினான். மதினி வாசல்படியில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

மருந்து பட்ட இடமெல்லாம் பழுப்பேறியது. பொருக்கு கறுத்தது, என் நகமும் கறுத்தது. அக்கம்பக்கத்தில் 'பிள்ளை கறுத்துப்போச்சே' என்று உச்சுக்கொட்டினார்கள். ஆனால் வாடை போயிற்று. ஈ வருவது நின்றது. நெறி வற்றியது. பிறகு ஒவ்வொரு பொருக்காகத் தானே உதிர்ந்து, அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் தெரிந்தது. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. மதினி சொன்னபடியே நடக்கிறது. காய்கிறது. பளபளவென்று ஆகிறது.

பிள்ளை தூங்கினால் தாய்க்கு நிம்மதி என்பார்கள். அவன் தூங்கத் தூங்க நான் மூக்கடியில் விரலை வைத்து வைத்துப் பார்த்தேன். ஒருதரம் அப்படி வைக்கப் போனபோது தொட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு விரல் வந்தது. மதினி. இரண்டு பேரும் கையை எடுத்துக்கொண்டோம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்களுக்கு வெளுத்ததும் பேயாகத்தான் இருந்தது.

ஒருநாள் மனம் பொறுக்காமல் தண்ணீர் வைக்காமல் விட்டேன். மறுநாளும் விட்டேன். காதுக்குப் பின்னால் லேசாகக் கசிந்தது. அந்தக் கசிவைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆறுதலை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அப்பாடா, ஓடுகிறது, இன்னும் உள்ளே போகவில்லை! மதினி என் முகத்தைப் பார்த்துவிட்டு, சாமி பக்கம் திரும்பிக் கும்பிட்டார். அன்றைக்குப் பூராவும் அவன் தேய்த்துத் தேய்த்து அழுதான். சாயங்காலம் அழுகை பொறுக்காமல் மறுபடி அடுப்பைப் பற்றவைத்தேன். செய்தாலும் பயம், செய்யாவிட்டாலும் பயம். அழுகை மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்த விஷயமாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

மார்கழி வந்தது. மேகமலைப் பக்கமிருந்து பனி இறங்கிக் கொடிக்காலெல்லாம் மூடிக் கிடக்கும். பிள்ளைக்கு உடம்பில் ஒரு புண் இல்லை. முழங்கை மடிப்பில் கொஞ்சம் கனத்த தோல், அவ்வளவுதான். ஒரு விடியற்காலையில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். தொட்டிலிலிருந்து ஒரு சத்தம். விசில் ஊதுவது போல மெல்லியதாக. துணியை விலக்கினேன். விழித்துக்கொண்டுதான் இருந்தான். அழவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குள் தோல் குழிந்து குழிந்து போயிற்று. உதட்டோரம் நீலம் தட்டியிருந்தது.

வந்துவிட்டது, உள்ளே போய்விட்டது, நான்தான் அனுப்பினேன் என்று மட்டும் மனசுக்குள் ஓடியது.

மதினி வந்து பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அடுக்களைக்குள் ஓடினார். கருவாட்டைச் சுட்டு, பழைய சோற்றோடு தட்டில் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "தின்னுத்தா. சீக்கிரம் தின்னு. கரப்பான் பண்டம். பால்ல போயி வெளிய இழுத்துட்டு வரும். புண்ணு வந்துரட்டும். புண்ணோட இருக்கட்டும் எஞ்சாமி."

நான் கையை வைத்தேன். தின்றிருப்பேன். புண்ணோடு இருந்தால் போதும் என்றுதான் எனக்கும் இருந்தது. ஆனால் தட்டிலிருந்து கண்ணை எடுத்தபோது விலா குழிவது தெரிந்தது. நான் தின்று, அது பாலாகி, அவன் குடித்து, புண் வருவதற்குள் இந்த மூச்சு தாங்குமா? தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். என் வீட்டுக்காரர் அதற்குள் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி அவர் மாட்டு வண்டியைப் பூட்டவைத்திருந்தார். கரி வண்டிக்காகக் காத்திருக்க முடியாது.

"நானும் வாரேன்" என்றார் மதினி. கூடலூரிலிருந்து வந்த நாள் முதல் ஊர் எல்லையைத் தாண்டாதவர். அவர் வாரேன் என்றது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. பிள்ளை போகும்போது பக்கத்தில் இருக்க வருகிறார் என்று நினைத்தேன்.

டாக்டர் தூங்கி எழுந்த முகத்தோடு வந்தார். பிள்ளை நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். ஊசி போட்டார். என் மடியில் நிமிர்த்தி உட்காரவைக்கச் சொன்னார். நான் மூச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. விசில் சத்தம் இளகியது. விலாக் குழி மேலே வந்தது. பிள்ளை நன்றாக ஓர் அழுகை அழுதான். அப்போதுதான் என் கண்ணிலும் தண்ணீர் வந்தது.

டாக்டரின் மூக்கு சும்மா இருக்கவில்லை. "யாரு கருவாடு கொண்டுவந்திருக்கிறது?"

மதினியின் முந்தானை முடிச்சில் இருந்தது. வழியிலாவது நான் தின்பேன் என்று எடுத்து வந்திருக்கிறார். எதற்கு என்று டாக்டர் கேட்டார். மதினி தரையைப் பார்த்துக்கொண்டு, கரப்பான் உள்ளே போனதையும், கருவாடு வெளியே இழுக்கும் என்பதையும் சொன்னார்.

"உள்ள ஒண்ணும் போகலம்மா. இது இளைப்பு, மூச்சு இரைக்கிற நோய். கரப்பான் வாகு உள்ள பிள்ளைகள்ல சில பேருக்கு இதுவும் வரும். ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளைக மாதிரி. பனியில சளி பிடிச்சிருக்கு, அது கிளப்பி விட்டிருச்சு. புண்ணோட இருந்திருந்தாலும் வந்திருக்கும்."

"எம்புள்ளைக்கு உள்ள போச்சே" என்றார் மதினி.

டாக்டர் அவரைப் பார்த்தார். உட்காரச் சொன்னார். மதினி உட்காரவில்லை.

"காயறதுக்கு முந்தி காய்ச்சல் இருந்துச்சா?"

"கொதிச்சுச்சு."

"பால் குடிச்சதா?"

"வாய மூடிக்கிருச்சு."

"ஒண்ணுக்குப் போச்சா?"

"துணி நனையவே இல்ல."

டாக்டர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க கொடிக்கால்காரர்தானே? வாய்க்கால்ல தண்ணி நின்னா கொடி காயுது. கொடி காஞ்சதாலயா வாய்க்கால் நிக்கிது?" பிறகு மதினியிடம், "அந்தப் பிள்ளைய நான் பாக்கல. நீங்க சொல்றத வச்சுத்தான் சொல்றேன். காய்ச்சல் உடம்புத் தண்ணிய எல்லாம் குடிச்சிருச்சு. உடம்புல தண்ணி இருந்தாத்தான் புண்ணுல ஒழுகும். அது காஞ்சதால சாகல. சாகப்போற நெலமைக்கு வந்ததால காஞ்சது."

மதினி, "நான் படிகாரத் தண்ணி ஊத்துனேன்" என்றார். எங்கள் யாருக்கும் தெரியாத சங்கதி அது. "அரிப்புப் பொறுக்காமக் கத்துச்சு. பாக்க முடியல. யாருக்கும் தெரியாம ஊத்துனேன். மறுநாளு காஞ்சிருச்சு. நாந்தான் உள்ள தள்ளிட்டேன்."

"படிகாரம் பிள்ளையக் கொல்லாதும்மா."

"நான் கொல்லலையா?"

"இல்ல."

"இன்னொருக்காச் சொல்லுங்க."

"இல்லம்மா. நீங்க கொல்லல."

மதினி அழுவார் என்று காத்திருந்தேன். அழவில்லை. தம்பியைப் பார்த்து, "நீ கேட்டேல்ல?" என்றார். "கேட்டேங்க்கா" என்றார் அவர். அடுத்து மதினி என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன்.

வெளியே வந்தோம். வண்டி வடக்கே பார்த்து நின்றது. மதினி அதில் ஏறவில்லை. ரோட்டைத் தாண்டி, தெற்கே, தான் வாழ்க்கைப்பட்ட ஊர்ப் பக்கம் போகும் பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்று, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிள்ளையோடு தனியாகப் போக எனக்குப் பயமாகத்தான் இருந்தது. விசில் மறுபடி வந்தால் என்ன செய்வேன்? இருந்தாலும், "நீங்க அவுக கூடப் போங்க. வண்டிக்காரர் இருக்காரு" என்றேன்.

கரி வண்டி புகையைக் கக்கிக்கொண்டு வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "எங்கம்மா போகணும்?" என்று கேட்டான்.

"எம்புள்ள காய்ச்சல்ல செத்துச்சு" என்றார் மதினி, உள்ளே இருந்தவர்கள் எல்லோர் காதிலும் விழும்படி. அப்புறம்தான் கூடலூர் என்றார்.